தங்கம் கரைந்த பின்: காவிரிப் படுகையில் தங்கக் குளோரைடின் பண்பும் பயனும் இடரும்

1. பொருளும் கேள்வியும்

குளோரோஆரிக் அமிலம் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறமுள்ள படிகச் சேர்மம். தங்கத்தைக் கரைத்துப் பெறும் சேர்மங்களில் ஆய்வகங்கள் மிகுதியாக வாங்குவது இதைத்தான். மருந்துக் குப்பியை ஒத்த சிறு கண்ணாடிக் கூட்டில், பெரும்பாலும் 1 கிராம் அளவில் வரும். கல்லூரிக் கொள்முதல் பட்டியல்களில் இதன் பெயர் ‘கோல்டு குளோரைடு’. தங்கமும் குளோரினும் மட்டும் சேர்ந்த தங்க முக்குளோரைடு வேறொரு சேர்மம் என்றாலும், பேச்சு வழக்கில் இரண்டும் ஒரே பெயரால் குறிக்கப்படுகின்றன. இக்கட்டுரையில் தங்கக் குளோரைடு என்பது குளோரோஆரிக் அமிலத்தையே குறிக்கும். மூன்று நீர் மூலக்கூறுகளோடு படிகமான வடிவத்தின் எடையில் சரிபாதி தங்கம். 1 கிராம் படிகத்தில் அரை கிராம் பொன் இருக்கிறது.

தஞ்சாவூர் வட்டாரத்தில் இச்சேர்மம் இரண்டு இடங்களில் உருவாகவோ புழங்கவோ செய்கிறது. ஒன்று, நகையைக் கரைத்துச் சுத்தத் தங்கம் பிரிக்கும் பொற்கொல்லர் பட்டறை. அங்கே இது செயல்முறையின் நடுவில் தோன்றி மறையும் மஞ்சள் திராவகம். அதற்குத் தனிப் பெயர்கூட இல்லை. மற்றொன்று, நானோ துகள் ஆய்வு நடக்கும் கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வகம். அங்கே இதுவே தொடக்கப் பொருள். இரண்டு இடங்களிலும் ஒரே நம்பிக்கை நிலவுகிறது: தங்கம் உடலுக்கும் மண்ணுக்கும் தீங்கு செய்யாதது, எனவே அதிலிருந்து வந்ததும் பெரிய தீங்கு செய்யாது. இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. தங்கத்தின் நற்பெயர் அதன் உலோக வடிவத்துக்கு மட்டும் உரியது. சேர்மத்தின் இடரை அதன் வேதிவடிவம், அளவு, அது உடலைச் சேரும் வழி, அதனோடு கலக்கும் பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இங்கே நிறுவப்படும் முடிவு.

2. மாறாத உலோகம்: நற்பெயரின் அடிப்படை

தங்கம் மாறாதது என்ற எண்ணத்துக்குக் காவிரிப் படுகையில் வலுவான சான்றுகள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொன்கலன்களின் எடை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டுக் கழஞ்சு, மஞ்சாடிக் கணக்கில் கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்டது. விமானத்தின் உச்சியில் வைக்க அவன் கொடுத்த செப்புக்குடத்தின் மேல் போர்த்திய பொன்தகட்டின் எடை 2,926½ கழஞ்சு. எடையைக் கல்லில் வெட்டி வைப்பதில் ஒரு வேதியியல் உண்மை அடங்கியிருக்கிறது. தங்கம் காற்றிலும் மழையிலும் துருப்பிடிக்காது. இன்று நிறுத்த எடை தலைமுறைகள் கடந்தும் மாறாது. இரும்புக் கருவிக்கோ செப்புப் பாத்திரத்துக்கோ அப்படி உறுதி சொல்ல முடியாது.

தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப் பசையால் மேடாக்கிய பகுதிகளின் மேல் ஒட்டப்படும் தங்கத்தாள் இரண்டாவது சான்று. வண்ணங்கள் மங்கிய பழைய பலகைகளிலும் பொன் மங்குவதில்லை. மூன்றாவது சான்று மருத்துவ மரபிலிருந்து வருகிறது. இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகால் அமைத்து வளர்த்த மருத்துவ ஆர்வம் தஞ்சையில் இன்றும் பேசப்படுகிறது. சித்த மருத்துவத்தின் தங்க பற்பம் வலுவூட்டும் மருந்தாக மதிக்கப்படுகிறது. அதற்கு நெருங்கிய ஆயுர்வேதத் தயாரிப்பான சுவர்ண பஸ்மத்தைக் கருவிகளால் ஆராய்ந்தபோது, அதில் இருப்பது பெரும்பாலும் நானோ அளவுப் படிகங்களாலான உலோகத் தங்கமே என்று தெரிந்தது.

மூன்று சான்றுகளிலும் பொதுவான ஒன்று உண்டு. கோயில் கலசம், ஓவியத் தாள், பஸ்மம் ஆகிய மூன்றிலும் தங்கம் உலோகமாகவே இருக்கிறது. அதன் அணுக்கள் மின்சுமை ஏற்கவில்லை. ஆகவே இவை தங்கம் என்ற உலோகத்தைப் பற்றிய சான்றுகள். தங்கச் சேர்மங்களைப் பற்றி இவை எதையும் சொல்லவில்லை. நம்பிக்கையில் நேரும் பிழை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

3. பட்டறையில் பிறக்கும் சேர்மம்

உமித் தணலும் ஊதுகுழலும் கொண்டு தங்கத்தை உருக்கலாம். ஆனால் அதில் கலந்த செம்பையும் வெள்ளியையும் முழுதாகப் பிரிக்க உருக்குவது மட்டும் போதாது. அதற்குத் திராவகம் வேண்டும். நைட்ரிக் அமிலம் தனியாகத் தங்கத்தைக் கரைக்காது; ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தனியாகக் கரைக்காது. ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த இராஜ திராவகம் கரைக்கும்.

காரணம் இரு அமிலங்களின் வேலைப் பங்கீட்டில் உள்ளது. நைட்ரிக் அமிலம் தங்க அணுவிலிருந்து மூன்று எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. பறிக்கப்பட்ட கணத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரைடு அயனிகள் நான்கு அந்தத் தங்க அயனியைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. எண்களாகச் சொன்னால், தங்க அயனி உலோகமாகத் திரும்பும் திட்ட மின்னழுத்தம் 1.50 வோல்ட், நான்கு குளோரைடுகளின் பிடியில் அது ஏறத்தாழ 1.00 வோல்ட்டாகக் குறைகிறது. நைட்ரேட்டின் ஆக்சிஜனேற்ற வலிமை 0.96 வோல்ட் அளவில் இருப்பதால், தனியே எட்டாத உயரம் குளோரைடின் துணையோடு எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. செறிவான அமிலமும், வெளியேறிக்கொண்டே இருக்கும் வாயுக்களும் எஞ்சிய வேறுபாட்டை ஈடுசெய்கின்றன. இப்படிக் கிடைக்கும் மஞ்சள் கரைசலில் இருப்பது குளோரோஆரிக் அமிலம்.

வெள்ளி இதில் வெண்ணிறக் குளோரைடாக அடியில் படிகிறது. அதை வடித்துவிட்டு, மஞ்சள் கரைசலில் அன்னபேதிக் கரைசலை ஊற்றினால் தங்கம் பழுப்புத் தூளாக விழுகிறது. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். அதிலுள்ள இரும்பு, தங்கம் இழந்த எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுக்கிறது. தூளைக் கழுவி, உலர்த்தி, மூசையில் உருக்கினால் மீண்டும் பொன்கட்டி.

இதே வேதியியலை மோசடிக்கும் பயன்படுத்துகிறார்கள். நகைக்கு பாலிஷ் போட்டுத் தருவதாக வீடு தேடி வருபவர்கள், சங்கிலியை ஒரு கிண்ணத்துத் திராவகத்தில் நனைத்துப் பளபளப்பாக்கித் திருப்பித் தருவதும், பின்னர் எடை குறைந்திருப்பது தெரிவதும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் செய்தியாகியிருக்கின்றன. இராஜ திராவகம் சேர்ந்த கிண்ணத்தில் நகையின் மேற்பரப்புத் தங்கம் சேர்மமாக மாறிக் கரைந்திருக்கும். அன்னபேதியோ வேறு ஒடுக்கும் பொருளோ போதும், அது திரும்பக் கிடைத்துவிடும். எதனாலும் அழியாது என்று நம்பப்படும் பொன், சரியான திராவகத்தில் சில நிமிடங்களில் எடை இழக்கும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

4. ஆய்வகத்தில் அதன் குணங்கள்

தங்கக் குளோரைடில் தங்கம் +3 என்ற ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. நடுவில் தங்க அயனியும் நான்கு மூலைகளில் குளோரைடு ஈனிகளும் கொண்ட தள சதுர அமைப்பு அதனுடையது. நீரிலும் ஆல்கஹாலிலும் ஈதரிலும் எளிதில் கரையும். நீர்க்கரைசல் வலுவான அமிலத்தன்மை கொண்டது. காரம் சேரச் சேர, குளோரைடுகள் ஒவ்வொன்றாக விலகி அவ்விடங்களில் ஹைட்ராக்சைடு வந்து அமர்கிறது. ஆகவே ஒரே குப்பியிலிருந்து எடுத்த கரைசல், பி.எச். மதிப்பு மாறினால் வேறு வேகத்தில் வினைபுரியும். ஒளியும் வெப்பமும் இதைச் சிதைக்கும். இறுதியில் எஞ்சுவது உலோகத் தங்கம்.

படிகத்தின் முக்கியக் குணம், காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைவது. காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழைக் காலத்தில் இதை நன்றாகக் காணலாம். குப்பியை உடைத்துத் தராசில் படிகத்தைக் கொட்டிய சில நிமிடங்களில் அதன் ஓரங்கள் நனைந்து மினுங்கும். தராசின் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். ஏறுவது தங்கமன்று, தண்ணீர். அந்த எடையைக் கொண்டு தயாரிக்கும் கரைசலின் செறிவு பிழையாகிவிடும். அதனால் அனுபவமுள்ள ஆய்வாளர்கள் படிகத்தைப் பகுதி பகுதியாக நிறுப்பதில்லை. குப்பியைத் திறந்ததும் 1 கிராம் முழுவதையும் நீரில் கரைத்து ஒரே இருப்புக் கரைசலாக்கிவிடுகிறார்கள். மூன்று நீர் மூலக்கூறுள்ள படிகத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 393.8, எனவே 1 கிராமைக் கரைத்து 254 மில்லிலிட்டராக்கினால் 10 மில்லிமோலார் செறிவு கிடைக்கும். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில், இருட்டில், குளிர்ச்சியில் வைத்தால் இக்கரைசல் நெடுநாள் பயன்படும்.

எஃகு ஸ்பாட்டுலாவால் இப்படிகத்தைத் தொடக் கூடாது. அன்னபேதியில் நடந்ததே இங்கும் நடக்கும்: இரும்பு கரைந்து உள்ளே போகும், தங்கம் வெளியே படியும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோதான் ஏற்றது.

5. பயன்கள்

இச்சேர்மத்தின் முதன்மையான பயன் நானோ துகள் தயாரிப்பு. 1857-இல் மைக்கேல் ஃபாரடே தங்கக் குளோரைடுக் கரைசலைப் பாஸ்பரசால் ஒடுக்கிச் சிவந்த திரவத்தைப் பெற்று, அந்நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கத் துகள்களே என்று விளக்கினார். 1951-இல் டர்கெவிச்சும் அவர் குழுவினரும் விளக்கிய சிட்ரேட் முறை இன்று முதுகலை மாணவரின் செய்முறைப் பயிற்சியாகவே ஆகிவிட்டது. 1 மில்லிமோலார் கரைசல் 20 மில்லிலிட்டரைக் கொதிக்கவைத்து, 1 சதவீத சிட்ரேட் கரைசல் 2 மில்லிலிட்டரைச் சேர்த்தால், வெளிர் மஞ்சள் மறைந்து, திரவம் நிறமிழந்து, கருநீலம் தட்டி, ஊதாவாகி, சில நிமிடங்களில் ஒயின் சிவப்பில் நிற்கும். கரைசலில் இருக்கும் தங்கம் வெறும் 4 மில்லிகிராம். துகள்கள் 15 முதல் 20 நானோமீட்டர் அளவில் இருக்கும். 520 நானோமீட்டர் அலைநீளப் பச்சை ஒளியை அவை உட்கவர்வதே சிவப்புக்குக் காரணம். துகள்கள் ஒன்றோடொன்று திரண்டால் நிறம் நீலத்துக்கு மாறும். இந்த நிறமாற்றமே பல உணரிகளின் அடிப்படை.

வீட்டில் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும், கொரோனா காலத்தில் பரவலான விரைவுப் பரிசோதனை அட்டையிலும் தோன்றும் செங்கோடு பெரும்பாலும் இத்துகள்களின் நிறமே. எதிர்ப்பொருள் ஒட்டிய தங்கத் துகள்கள் பட்டையில் ஊறிச் சென்று, தேடும் பொருள் இருக்குமிடத்தில் சிக்கிக் கோடாகின்றன. தானியத்தில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினைக் கண்டறியவும் இதே வகைப் பட்டைகள் உள்ளன. மழையில் நனைந்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கும் பகுதிக்கு, ஆய்வகம் வரை போகாமல் களத்திலேயே விடை தரும் கருவி எவ்வளவு தேவை என்று விளக்க வேண்டியதில்லை. தஞ்சாவூருக்கு அருகே திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்துக்கும் உயிரிப் பொருள்களுக்குமான மையம் செயல்படுவதால், இத்துறை இவ்வட்டாரத்துக்கு அந்நியமானதன்று.

மருத்துவக் கல்லூரிகளின் நோயியல் கூடங்கள் இச்சேர்மத்தை வேறு வகையில் அறிந்திருக்கின்றன. திசுவில் பூஞ்சையைக் காட்டும் குரோகாட் வெள்ளிச் சாயமுறையில், சாயமேறிய வில்லையை மிக நீர்த்த தங்கக் குளோரைடில் தோய்ப்பார்கள். வெள்ளியின் பழுப்பு நிறம் அடங்கி, பூஞ்சை இழைகள் கறுத்துத் துலங்கும். 2021-இல் கரும்பூஞ்சை நோய் பரவியபோது, நோயை உறுதிசெய்யத் துணைநின்ற சாயமுறைகளில் இதுவும் ஒன்று. முன்பு நிழற்பட அச்சுகளின் நிறத்தை நிலைநிறுத்தவும் தங்கக் குளோரைடு பயன்பட்டது.

வினையூக்கித் துறையிலும் இதற்கு இடமுண்டு. பி.வி.சி. தயாரிப்பின் ஒரு கட்டத்தில் பாதரசக் குளோரைடு ஊக்கிக்குப் பதிலாகத் தங்கம் சிறப்பாகச் செயல்படும் என்று 1985-இல் கிரகாம் ஹட்சிங்ஸ் கணித்தார். பின்னர் அது தொழிற்சாலை அளவில் நடைமுறையானது. பாதரசத்தை அகற்ற உதவிய அளவில் இது சுற்றுச்சூழலுக்குத் தங்கச் சேர்மங்கள் செய்த நன்மை.

6. ‘பசுமை’ என்ற அடைமொழியின் எல்லை

2003, 2004 ஆண்டுகளில் புணேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு, செடி இலைச் சாறுகளைக் கொண்டு தங்கக் குளோரைடை ஒடுக்கிக் காட்டியது. எலுமிச்சைப் புல் சாற்றில் முக்கோண வடிவத் தங்கத் தகடுகள் உருவானது உலகக் கவனத்தைப் பெற்றது. அதன்பின் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இம்முறை வேகமாகப் பரவியது. துளசி, வேம்பு, ஆடாதொடை என்று கைக்கெட்டிய மூலிகையெல்லாம் ஆய்வுக்கு வந்தது. விலைமிக்க கருவி இல்லாத கல்லூரியும் சமகால ஆய்வில் பங்கேற்க இது வழிவிட்டது. அந்தப் பயன் பெரிது.

ஆனால் ‘பசுமைத் தொகுப்பு’ என்ற பெயர் ஒரு தவறான முடிவுக்கும் இட்டுச் செல்கிறது. சாறு மூலிகையிலிருந்து வந்தது என்பதால், செயல்முறை முழுவதும் தீங்கற்றது என்றும் விளைபொருள் மருந்தாகத் தக்கது என்றும் எழுதப்படுகிறது. இதை மூன்று காரணங்களால் ஏற்க இயலாது.

முதலாவது, சாறு மாற்றுவது ஒடுக்கும் பொருளை மட்டுமே. வழக்கமான முறையில் அந்த இடத்தில் இருப்பது சிட்ரேட். அது எலுமிச்சையிலேயே உள்ள அமிலத்தின் உப்பு, தீங்கு மிகக் குறைந்தது. அரிக்கும் தன்மையுள்ள தொடக்கப் பொருளான தங்கக் குளோரைடு இரண்டு முறைகளிலும் அப்படியே இருக்கிறது. ஆக, இடர் குறைந்த பொருளை மாற்றிவிட்டு, இடர் மிகுந்த பொருளை மாற்றாமல் வைத்திருக்கும் முறைக்குப் பசுமை என்ற பெயர் பாதிதான் பொருந்தும்.

இரண்டாவது, ஒடுக்கம் முழுமையடைந்ததா என்பது பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்யப்படுகிறது. சிவப்புத் தோன்றினால் துகள் உருவாகியிருக்கிறது என்று பொருள். அயனி எஞ்சவில்லை என்று பொருளாகாது. சாற்றின் வலிமை மண், பருவம், இலையின் வயது ஆகியவற்றால் மாறும். எஞ்சிய தங்க அயனி உள்ள கரைசலைப் பாக்டீரியா மேல் வைத்து, அவை மடிந்ததும் துகளின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் என்று முடிவு கட்டினால், கொன்றது துகளா, அயனியா என்ற கேள்வி விடையின்றி நிற்கும்.

மூன்றாவது காரணமே முதன்மையானது. 2005-இல் கானரும் கேத்தரின் மர்ஃபியின் குழுவினரும் மனித இரத்தப் புற்றுச் செல்கள் மேல் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. 18 நானோமீட்டர் தங்கத் துகள்களைச் செல்கள் உள்வாங்கின, இறக்கவில்லை. ஆனால் அத்துகள்களின் தொடக்கப் பொருளான தங்கக் குளோரைடு உப்பு, ஒப்பிடத்தக்க தங்க அளவிலேயே செல்களைக் கொன்றது. இரண்டிலும் இருப்பது தங்கமே, வேறுபாடு வடிவத்தில். துகள்களிலும் எல்லா அளவும் ஒன்றன்று. 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 1.4 நானோமீட்டர் தங்கத் திரள்கள் செல்களைக் கொன்றன. 15 நானோமீட்டர் துகள்கள் கொல்லவில்லை.

எனவே ஒரு கல்லூரி ஆய்வுக்கும் சில ஒப்பீடுகள் இன்றியமையாதவை: சாறு மட்டும், தங்கக் குளோரைடு மட்டும், துகளைச் சுழற்றிப் பிரித்த பின் மேலே நிற்கும் தெளிநீர் மட்டும் எனத் தனித்தனியே சோதிக்க வேண்டும். தெளிநீரில் தங்கம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை அணு உட்கவர்தல் கருவியால் அளக்க வேண்டும். இவை இல்லாத முடிவுகள் மூலிகையின் பெயருக்கும் நியாயம் செய்யவில்லை, தங்கத்தின் பெயருக்கும் செய்யவில்லை.

7. இடர்கள்

தங்கக் குளோரைடு தோலையும் கண்ணையும் அரிக்கும், விழுங்கினால் தீங்கு, உலோகப் பரப்புகளையும் அரிக்கும். கையுறை இல்லாத விரலில் ஒரு சொட்டுப் பட்டால் முதலில் எதுவும் தெரியாது. பின்னர் அந்த இடம் ஊதா நிறமாகும். தோலிலுள்ள புரதமே தங்க அயனியை ஒடுக்கி, அங்கேயே நானோ துகளாக்கியதன் அடையாளம் அது. கழுவினால் போகாது, தோல் உரிந்துதான் மறையும்.

ஒவ்வாமை இன்னொரு இடர். தங்கச் சேர்மங்களால் தோல் ஒவ்வாமை உண்டாகிறது என்பதை மருத்துவர்கள் ஒட்டுப்பட்டைச் சோதனை மூலம் உறுதிசெய்கிறார்கள். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2001-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகத் தங்கத்தை அறிவித்தது. உடலுக்குள் சென்ற தங்கச் சேர்மம் என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று. ழாக் ஃபோரெஸ்டியே 1929-இல் முடக்குவாதத்துக்குத் தங்க உப்பு ஊசியை அறிமுகப்படுத்தினார். பல பத்தாண்டுகள் பயன்பட்ட அம்மருந்துகளால் நோய் தணிந்தது. கூடவே தோல் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் கசிதல் ஆகிய பக்க விளைவுகளும் வந்தன. அவை தங்கக் குளோரைடு அல்ல. தங்கம் +1 நிலையில் கந்தகத்தோடு பிணைந்தவை. எனினும் தங்கம் சேர்மமானால் உடலோடு வினைபுரியும் என்பதை அவை ஐயத்துக்கிடமின்றிக் காட்டின.

துணைப் பொருள்களின் இடர் பல வேளைகளில் சேர்மத்தின் இடரைவிடப் பெரிது. நானோ ஆய்வில் குடுவைகளைக் கழுவ இராஜ திராவகம் பயன்படுகிறது. ஒரு சோதனைக்கு 4 மில்லிகிராம் தங்கம் போதும். குடுவை கழுவப் பல பத்து மில்லிலிட்டர் திராவகம் செலவாகும். அது குளோரினையும் நைட்ரோசில் குளோரைடையும் தொடர்ந்து வெளியிடும். மூடி இறுக்கிய புட்டியில் வைத்தால் அழுத்தம் கூடிப் புட்டி வெடிக்கும். ஆகவே தேவைக்கு மட்டும், புகைபோக்கி அடைப்புக்குள், அவ்வப்போது தயாரிக்க வேண்டும். மிச்சத்தை மூடி வைக்கக் கூடாது.

அதிகம் பேசப்படாத இடர் அம்மோனியா. தங்கத்தின் +3 சேர்மங்களோடு அம்மோனியா சேர்ந்தால் ‘வெடி தங்கம்’ எனப்படும் படிவு உருவாகலாம். உலர்ந்த நிலையில் உராய்வோ சூடோ பட்டால் அது வெடிக்கும். நவச்சாரம் சேர்த்த திராவகத்தில் தங்கத்தைக் கரைத்துக் காரம் ஊற்றிய ஐரோப்பிய இரசவாதிகள், 17-ஆம் நூற்றாண்டிலேயே இதை அறிந்திருந்தனர். நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு என்பதால் அம்மோனியா அதிலிருந்தே வந்தது. தங்கக் கழிவுப் புட்டியில் அம்மோனியாக் கரைசலையோ அம்மோனியம் உப்பையோ ஊற்றக் கூடாது என்ற விதிக்கு மூன்று நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் பின்னால் நிற்கிறது.

மற்றோர் இடர் சயனைடு. ஒன்றுவிட்ட சகோதரர்களான எல்கிங்டன் இருவரின் 1840-ஆம் ஆண்டுக் காப்புரிமையிலிருந்து தங்க மின்முலாம் பெரும்பாலும் சயனைடுக் கரைசலையே நம்பியிருக்கிறது. கவரிங் நகைக்குப் பேர்பெற்ற சிதம்பரம் உட்பட இத்தொழில் நடக்கும் ஊர்களில் முலாம் தொட்டிக்குப் பொதுவாகப் பயன்படும் பொட்டாசியம் தங்க சயனைடு வெண்ணிறப் படிகம். அதில் 68 சதவீதம் தங்கம். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தொட்டியில் கூடுதலாகச் சேர்க்கும் சயனைடு உப்பு அதைவிட எளிதில் நச்சு வாயுவைத் தரும். அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். பொன் சுத்திகரிப்பும் முலாம் வேலையும் அடுத்தடுத்த பட்டறைகளில் நடக்கும் தெருவில், ஒன்றின் அமிலக் கழிவும் மற்றொன்றின் சயனைடுக் கழிவும் ஒரே சாக்கடையில் சேர்வதுதான் மிகக் கொடிய வாய்ப்பு.

8. கழிவும் வயலும்

தஞ்சாவூரில் வடவாறும் புது ஆறும், கும்பகோணத்தில் காவிரியும் அரசலாறும் நகரை ஒட்டியே ஓடுகின்றன. நகரச் சாக்கடையில் ஊற்றியது வாய்க்கால் வழியே வயலைச் சேர நெடுந்தூரம் இல்லை. அப்படியானால் தங்கக் குளோரைடு நெல்வயலை நஞ்சாக்குமா?

வேதியியல் தரும் விடை நிதானமானது. கரிமப் பொருள் நிறைந்த மண்ணில் தங்க அயனி விரைவாக ஒடுங்கி உலோகமாகிறது. கூப்ரியாவிடஸ் மெட்டாலிடுரன்ஸ் என்ற மண் பாக்டீரியா, தனக்கு நஞ்சான தங்க அயனியைத் தன் உடலிலேயே உலோகத் துகளாக மாற்றித் தப்பிக்கிறது. நீர் தேங்கி ஆக்சிஜன் குறைந்த நெல்வயல் சேறும் ஒடுக்கும் சூழலே. விலை மிகுந்த பொருள் என்பதால் யாரும் அதைப் பெருமளவில் கொட்டுவதும் இல்லை. பொற்கொல்லர் தெருச் சாக்கடை மண்ணையே அரித்துத் தங்கம் தேடுவோர் உண்டு. எனவே தங்க அயனியால் மட்டும் வயல் கெடும் என்று சொல்வது மிகை.

ஆனால் தங்கத்தை எடுத்த பின் எஞ்சும் கழிவை யாரும் தேடி வருவதில்லை. 22 காரட் நகையைக் கரைத்தால் அதிலிருந்த செம்பு முழுவதும் வடித்த திராவகத்தில் தங்கிவிடுகிறது. கூடவே இரும்பு, மிச்ச அமிலம். செம்பு மண்ணில் ஒடுங்கி அமைதியாவதில்லை, சேர்ந்துகொண்டே போகும். கோலார் தங்கவயல் இதற்குப் பெரிய அளவிலான எச்சரிக்கை. தமிழ்த் தொழிலாளர் ஏராளமாக உழைத்த அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது; தங்கம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, சயனைடுக் கசடு மேடுகள் ஊரிலேயே நிற்கின்றன.

2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் படுகையில் பெருந்தொழில்கள் சிலவற்றுக்குத் தடை விதித்தது. சிறு பட்டறையும் கல்லூரி ஆய்வகமும் அதன் இலக்கல்ல. அவற்றின் கழிவு 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வரத்தக்கது. ஆனால் அளவு சிறியது என்பதாலேயே கண்காணிப்புக்கு எட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் படுகைக்கு அண்மையிலேயே உள்ளது. முலாம் தொழிலின் வேதியியலை அறிந்த நிறுவனமும், அத்தொழிலைச் செய்யும் ஊர்களும் இவ்வளவு அருகில் இருக்கும்போது, சிறு பட்டறைக்கேற்ற கழிவு நீக்க முறையை இங்கேயே வகுக்க முடியும், வகுக்கவும் வேண்டும்.

9. கையாளும் முறை

மேற்கண்ட பண்புகளிலிருந்தே பாதுகாப்பு விதிகள் பிறக்கின்றன. படிகத்தைத் திறக்கும்போது நைட்ரைல் கையுறையும் கண்கண்ணாடியும் கட்டாயம். உலோகக் கருவி கூடாது. குப்பி முழுவதையும் ஒரே முறையில் கரைத்து, செறிவும் தேதியும் எழுதிப் பழுப்புப் புட்டியில் வைக்க வேண்டும். தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் கழுவ வேண்டும்; கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவியபின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கழிவுக்குத் தனிப் புட்டி வேண்டும். அதன்மேல் ‘தங்கக் கழிவு: அம்மோனியா, சயனைடு, ஹைப்போகுளோரைட் சேர்க்காதே’ என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். ஏனெனில் அதைக் கையாள்பவர் ஆய்வாளர் மட்டுமல்லர். ஆய்வக உதவியாளரும் தூய்மைப் பணியாளரும் கூட. புட்டி நிறைந்ததும் அன்னபேதியால் தங்கத்தை வீழ்த்தி வடிகட்டி எடுத்துவிடலாம். எஞ்சிய அமிலத்தைச் சோடா உப்பால் மெல்ல மெல்ல நடுநிலையாக்கினால் செம்பும் இரும்பும் வண்டலாகப் படியும். அந்த வண்டலைச் சாக்கடைக்கு அனுப்பாமல், அங்கீகாரம் பெற்ற கழிவு மேலாண்மை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். சயனைடுக் கழிவுக்கு முற்றிலும் தனியான புட்டி, தனியான இடம். அது அமில அலமாரிக்கு அருகில் இருக்கவே கூடாது.

10. முடிவுரை

தங்கம் தீங்கற்றது என்ற மரபு நம்பிக்கை உலோகத் தங்கத்தைப் பொறுத்தவரை பெரிதும் சரியானது. கோயில் கலசமும் ஓவியத் தாளும் அதற்குச் சான்று. அதே தங்கம் மூன்று எலக்ட்ரான்களை இழந்து குளோரைடுகளின் பிடியில் சேர்ந்ததும், அரிக்கும், ஒவ்வாமை தரும், செல்களைக் கொல்லும் சேர்மமாகிறது. மீண்டும் எலக்ட்ரான்களைப் பெற்று நானோ துகளானால், அளவைப் பொறுத்து மறுபடி சாதுவாகலாம். இந்த மாற்றங்களுக்கு இடையில் ‘தங்கம்’ என்ற பெயர் எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. ‘பசுமை’ என்ற அடைமொழியும் தருவதில்லை.

படுகையின் மண்ணுக்கு நேரும் பெருங்கேடு தங்க அயனியால் அன்று. அதைக் கரைக்கவும் மீட்கவும் முலாமிடவும் பயன்படும் அமிலம், செம்பு, சயனைடு ஆகியவற்றால். ஆகவே ஆய்வகத்துக்கும் பட்டறைக்கும் தேவைப்படுவது ஒரே ஒழுக்கம்: எந்த வடிவத்தில், எவ்வளவு, எதனோடு சேர்ந்து, எங்கே போகிறது என்ற நான்கு கேள்விகளைத் தங்கச் சேர்மத்தின் ஒவ்வொரு சொட்டுக்கும் கேட்பது. ஆய்வுக்கூடப் பதிவேட்டில் தங்கம் வாங்கிய கணக்கு எழுதப்படும் அதே பக்கத்தில், கழிவு போன கணக்கும் எழுதப்பட வேண்டும்.